கேட்டீங்களா டாக்டர்?

தனக்குக் காப்பர்-டி போட்டிருக்கிறார்கள் என்பதே என் அக்காவுக்கு ஒன்றரை வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. இரண்டாவது பிரசவம் ஒரு ஆஸ்பத்திரியில் நடந்தது. அதற்குப் பிறகு மாசாமாசம் பத்து நாள் உதிரப்போக்கு. (அக்கா ‘தீட்டு’ என்பாள். நம்மைத் தள்ளி வைத்த அந்த வார்த்தையை அவள் உடம்புக்கு எழுத எனக்குக் கை வரவில்லை.) சிதம்பரம் பக்கம் நடவுக்குப் போனவள் வயலிலேயே மயங்கி விழுந்தாள். பேங்குக்கு லீவு போட்டுவிட்டு, கடலூரில் ஒரு டாக்டரம்மாவிடம் பஸ்ஸில் கூட்டிப்போனேன்.

ஸ்கேன் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “காப்பர்-டி எப்பம்மா போட்டுக்கிட்ட?”

“நான் எங்கம்மா போட்டுக்கிட்டேன்?”

பிரசவமான 48 மணி நேரத்துக்குள் காப்பர்-டி போடலாம். மருத்துவம் ஒப்புக்கொண்ட, நல்ல முறைதான். முன்கூட்டியே விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்கிவிட்டுப் போட வேண்டும். அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. காலனிப் பொம்பளைக்குச் சொன்னால் புரியாதாம், திரும்ப வரமாட்டாளாம். அதனால் இப்பவே வைத்து அனுப்பிவிடு. இதுதான் அவர்கள் கணக்கு.

கடலூர் டாக்டரம்மா கேட்டதெல்லாம் சில கேள்விகள். இன்னும் குழந்தை வேணுமா? பால் கொடுக்கிறியா? பிரஷர் இருக்கா? ஒத்தைத் தலைவலி வருமா? ரத்தம் எவ்வளவு இருக்கு? இந்தப் பதில்களை வைத்துத்தான் எது பொருந்தும் என்று சொல்ல முடியும். காப்பர்-டி உதிரப்போக்கைக் கூட்டும். ரத்தசோகைக்காரிக்கு யோசித்துத்தான் போடணும். தினசரி மாத்திரை எல்லாம் ஒன்றல்ல. இரண்டு ஹார்மோன் சேர்ந்த மாத்திரை பிரஷர் உள்ளவர்களுக்கும், பால் கொடுக்கும் முதல் ஆறு மாசத்திலும் ஆகாது. மூணு மாசத்துக்கு ஒருமுறை போடுகிற ‘அந்தரா’ ஊசியில் மாதவிலக்கு முறை தப்பும், நின்றும் போகலாம். அதை முன்னாலேயே சொல்லணும், இல்லாவிட்டால் பயந்துவிடுவார்கள். ‘சாயா’ ஹார்மோன் இல்லாத மாத்திரை. முதல் மூணு மாசம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரம் ஒன்று. அக்கா இதைத் தேர்ந்தெடுத்தாள். காப்பர்-டியை எடுத்துவிட்டார்கள்.

அரை மணி நேரம் கூட ஆகவில்லை. இந்த அரை மணி நேரம்தான் நம் பெண்களுக்குக் கிடைப்பதில்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கர் பிலாஸ்பூர் பக்கம் ஒரு முகாமில், ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் செய்தார். அங்கே நடந்த முகாம்களில் 13 பெண்கள் செத்துப்போனார்கள். எல்லாரும் இல்லாதப்பட்டவர்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம், இந்த முகாம்களை மூன்று வருஷத்துக்குள் நிறுத்தச் சொன்னது.

இதைக் கேட்டு “கருத்தடையே வேணாம்” என்று சில தோழர்கள் கிளம்புகிறார்கள். அவர்களுக்கு ஒன்று. 1938 நவம்பரில் பம்பாய்ச் சட்டசபையில், மக்களுக்குக் கருத்தடை வசதி வேண்டும் என்று தீர்மானம் வந்தது. எழுதியவர் பாபாசாகேப். அவர் சார்பில் கொண்டுவந்தவர் ரோஹம். தோற்கடித்துவிட்டார்கள். அன்று கேட்டும் கொடுக்கவில்லை; இன்று கேட்காமலே வைக்கிறார்கள்.

ஆம்பளைங்க கதைக்கு வருவோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, இந்தியாவில் பிள்ளைபெறும் வயதிலுள்ள தம்பதிகளில், மனைவி கருத்தடை ஆபரேசன் செய்துகொண்டது 37.9 சதவீதம். புருஷன் செய்துகொண்டது 0.3. ஆணுக்குச் செய்வது வயிற்றைத் திறக்காத சின்ன ஆபரேசன், தழும்புகூடத் தெரியாது. அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். மூணு மாசம் ஆணுறை போட்டு, விந்தைச் சோதித்துப் பார்த்துவிட்டால் போதும். ஆண்மைக்கு ஒரு குறையும் வராது. அரசு தருகிற தொகையும் ஆணுக்குத்தான் கூடுதல்.

இதையெல்லாம் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மாமாவிடம் விலாவாரியாகச் சொன்னேன். மண்வெட்டி பிடிக்கிற உடம்பு, பலம் போயிடும் என்றார். போகாது மாமா என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்:

“நீ பண்ணிக்கிட்டியாடா?”

எனக்கு இரண்டு பிள்ளைகள். ஆபரேசன் நடந்தது என் மனைவிக்கு. அப்போது நான் டாக்டரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.