ஜூனியர் வேலையும் கேட்கத் தயங்கும் கேள்வியும்

பார் கவுன்சிலில் பதிவு செய்துவிட்டு வேலை தேடும் இளம் வழக்கறிஞர்களில் பலருக்கு முதல் நேர்காணல் அந்தப் பெயரில் நடப்பதே இல்லை. "சாயங்காலம் ஆபீஸுக்கு வாங்க, சார் பாக்கணும்னாரு" என்று குமாஸ்தா போனில் சொல்வார். கட்சிக்காரர்கள் எழுந்து போன பிறகு, கேஸ் கட்டுகள் குவிந்த மேசைக்கு முன்னால் பத்து நிமிடப் பேச்சு. எந்த ஊர், எந்தக் கல்லூரி, யார் சொல்லி வந்தீர்கள்? அடுத்த சில ஆண்டுகள் எப்படிப் போகும் என்பது அங்கே முடிவாகிவிடுகிறது.

இதற்குத் தயாராகிறவர்கள் பெரும்பாலும் பிரிவு எண்களைத்தான் உருப்போடுகிறார்கள். 2024 ஜூலை 1 அன்று புதிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து அந்தச் சுமையும் இரட்டிப்பாகிவிட்டது. கொலைக்கு 302 என்றிருந்தது பாரதிய நியாய சன்ஹிதாவில் 103. ஊரே அறிந்த 420, இப்போது 318(4). அதற்காகப் பழையதை மறந்துவிட முடியாது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்கு இந்திய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். இரண்டும் தெரிந்திருப்பது நல்லது. ஆனாலும், எண்ணைப் புத்தகத்தைப் புரட்டிக் கண்டுபிடித்துவிடலாம். சீனியருக்கு வேண்டியது கட்டைப் படிக்கத் தெரிந்த ஆள்.

ஒரு செக் மோசடிக் கட்டை எடுத்துக்கொள்வோம். பணமில்லை என்று செக் திரும்பியதற்கான வங்கி மெமோ, வக்கீல் நோட்டீஸ் நகல், அஞ்சல் ஒப்புகை எல்லாம் அதில் இருக்கும். தேறுகிற ஜூனியர் முதலில் ஒரு தாளில் தேதிகளை வரிசையாக எழுதுவார். செக் திரும்பிய தகவல் வங்கியிடமிருந்து கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போயிருக்கிறதா? அது எதிராளியின் கைக்குப் போய்ச் சேர்ந்த நாள் எது? அன்றிலிருந்து பணம் கட்ட அவருக்கு 15 நாள் அவகாசம் உண்டு. அது கழிந்த ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கலாக வேண்டும். புகார் தாமதமானால் தக்க காரணம் காட்டி மன்னிக்கக் கேட்கலாம். நோட்டீஸ் தாமதத்துக்குச் சட்டம் அந்தச் சலுகையைத் தரவில்லை. ஒப்புகையில் தேதி முத்திரை மங்கியிருப்பதைக் கவனித்து, "சார், இது என்னைக்கு சர்வ் ஆச்சு?" என்று கேட்பவரை எந்த சீனியரும் திருப்பி அனுப்பமாட்டார். இந்தப் பழக்கம் ஒரே இரவில் வராது. படிக்கும் காலத்திலேயே நீதிமன்றத்துக்குப் போய் உட்கார்ந்து, கிடைக்கிற கட்டுகளை வாங்கிப் படித்தால்தான் வரும்.

மொழியும் அப்படித்தான். தமிழ்நாட்டின் விசாரணை நீதிமன்றங்களில் சாட்சி தமிழில் பேசுகிறார். மேல்முறையீடோ உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் நடக்கிறது. சாட்சியின் ஒரு வாக்கியம் மொழி மாறும்போது பிசகினால் வழக்கே சாய்ந்துவிடும். சிவில் நீதிபதித் தேர்வில் மொழிபெயர்ப்புக்கென்றே தனித்தாள் இருப்பது சும்மா இல்லை. ஆங்கிலம் சரளமாக வராததால் கூனிக்குறுகி உட்காரும் மாவட்டத்துப் பிள்ளைகள், தங்கள் தமிழ் இங்கே எவ்வளவு பெரிய பலம் என்பதை உணர்ந்து நிமிர்ந்து பேச வேண்டும்.

எல்லாம் கேட்டு முடித்த பிறகும் அறையில் ஒரு கேள்வி பாக்கி இருக்கும். சம்பளம் எவ்வளவு? ஜூனியர் கேட்கத் தயங்குகிறார், சீனியர் சொல்வதில்லை. தொழில் கற்றுத் தருகிறோமே, அது போதாதா என்ற பழைய எண்ணம் இன்னும் போகவில்லை. அது போதாது என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் தெளிவாகவே சொன்னது. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் குறைந்தது 20,000 ரூபாயும், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் மாதந்தோறும் உதவித்தொகை தரச் செய்யுமாறு தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலிடம் கூறியது. நேர்காணலுக்குப் போகும் ஒவ்வொருவரும் இந்த உத்தரவைப் படித்துவிட்டுப் போகட்டும்.

இந்தத் தொகையின் தேவை அதன் பிறகு இன்னும் கூடியிருக்கிறது. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம், சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவத்தை மீண்டும் கட்டாயமாக்கியது. வழக்கு நடத்திப் பார்த்தவர் நீதிபதியாவது நல்லதுதான். ஆனால் அந்த மூன்றாண்டு வாடகையும் சாப்பாடும் யார் பொறுப்பு? வீட்டில் வசதியுள்ளவர் தாக்குப்பிடிப்பார். கூலி வேலை பார்த்துப் படிக்கவைத்த பெற்றோரின் பிள்ளை, நீதிபதி நாற்காலியை எட்டும் முன்பே தொழிலை விட்டு வெளியேறிவிடுவார்.

பெண்களிடம் கேட்கப்படும் இன்னொரு கேள்வியையும் இங்கே சொல்லியாக வேண்டும்: "கல்யாணம் எப்போ?" இதற்கும் வழக்கு நடத்தும் திறமைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தயாரிக்கும் கடமை அவர்களுக்கு இல்லை. கேட்பவர்தான் நிறுத்த வேண்டும்.

சம்பளப் பேச்சைத் தொடங்கும் பொறுப்பையும் சீனியரே ஏற்க வேண்டும். குமாஸ்தா போன் செய்து வரச்சொல்லும்போதே மாதத்தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் கைக்கு வரும் என்பதையும் சொல்லிவிடலாம். சொன்னபடி தராத ஆபீஸ்கள் மீது ஜூனியர்கள் பெயர் வெளியே தெரியாமல் முறையிட பார் கவுன்சில் ஒரு வழி செய்து தரவேண்டும்.