வலியவர் யார்?

ஜப்பானியப் படக்கதை வீரர்களுள் கோக்கு வலியவனா, நருட்டோ வலியவனா என்று மாணவர்கள் உணவு இடைவேளையில் வாதிடுகின்றனர். பெரியோர் பலர் இதனை வீண்பேச்சு என்பர். அப்பெரியோரே தருமராசர் கோயில் திருவிழாவில் விடிய விடியப் பாரதக் கூத்துக் கண்டு, மறுநாள் தேநீர்க் கடையில் கர்ணனா, அருச்சுனனா என்று வழக்காடுவர். வடமாலபேட்டை, புத்தூர் வட்டாரத்தில் இவ்வழக்கு தமிழிலும் தெலுங்கிலும் நடைபெறும். வாதம் குற்றமன்று. வலிமையை அளக்கும் முறையில்தான் குறை உள்ளது.

அகிரா தோரியாமா 1984 முதல் 1995 வரை படைத்த 'டிராகன் பால்' கதையில், கண்ணில் மாட்டும் கருவி ஒன்று எதிரில் நிற்பவரின் ஆற்றலை எண்ணாகக் காட்டும். உழவர் ஒருவருக்கு 5. கொடியவன் ஃபிரீசாவுக்கு 5,30,000. எண் பெரிதாயின் வெற்றி உறுதி என்று வாசகர் முடிவுகட்டுகின்றனர். கதையிலோ வீரர்கள் தம் ஆற்றலை அடக்கி மறைக்கின்றனர். கருவியை நம்பியவர் ஏமாறுகின்றனர். படைத்தவரே பொய்ப்பித்துக் காட்டிய அளவுகோலை வாசகர் விடாது பற்றியிருப்பது வியப்பே.

இதே வினாவை அருச்சுனனும் கேட்டிருக்கிறான். வியாச பாரதத்தின் சல்லிய பருவத்தில், வீமனும் துரியோதனனும் கதையேந்தி நிற்கையில், இருவருள் மேம்பட்டவர் யார் என்று கண்ணனை வினவுகிறான். கற்ற கல்வி இருவர்க்கும் சமம். உடல்வலியில் வீமன் மிக்கவன். பயிற்சியில் துரியோதனன் மிக்கவன் என்பது கண்ணனின் விடை. வீமனை எண்ணிச் செய்த இரும்புப் பாவையின்மீது பதின்மூன்று ஆண்டுகள் கதை பழகியவன் அவன். முறைப்படி பொருதால் வீமன் வெல்லான் என்றும் கண்ணன் கூறுகிறான். முடிவில், கொப்பூழுக்குக் கீழே அடிக்கலாகாது என்னும் விதி மீறப்பட்டுத் தொடை முறிகிறது, பலராமன் வெகுண்டெழுகிறான். வென்றவன் வீமன், ஆயினும் அவ்வெற்றியைக் கொண்டு அவனே வலியவன் என்று சொல்லிவிட முடியுமா?

கர்ணன் வழக்கு இன்னும் சிக்கலானது. சிவாஜி கணேசன் நடித்த 'கர்ணன்' (1964), என்.டி. ராமாராவ் நடித்த 'தான வீர சூர கர்ணா' (1977) ஆகிய படங்களால் கர்ணனுக்கு இருமொழியிலும் அன்பர் மிகுதி. அவர்கள் இழந்த கவசத்தையும், பெற்ற சாபத்தையும், புதைந்த தேர்ச்சக்கரத்தையும் அடுக்குவர். கவசம் உடலில் இருந்தபோதே கந்தர்வரிடம் கர்ணன் தோற்றோடியதைச் சொல்லார். மறுதரப்பாரோ அருச்சுனனின் தேரை ஓட்டியவர் யார் என்பதை மறந்துவிடுவர். தமக்கு வேண்டிய ஏட்டை மட்டும் புரட்டுவது இருவர்க்கும் பழக்கம்.

வள்ளுவர் வலியறிதலில் செயல், தான், மாற்றான், துணை ஆகிய நான்கின் வலிமையையும் எடைபோடச் சொல்கிறார். அத்துடன் நில்லாது காலமறிதலையும் இடனறிதலையும் அடுத்தடுத்து வைக்கிறார். கூகையைக் காக்கை வெல்வது பகலில்தான். கோக்குவின் உலகில் 'கி' என்னும் ஆற்றலும், நருட்டோவின் உலகில் 'சக்ரா' என்னும் ஆற்றலும் செயல்படுகின்றன. இருவரும் யாருடைய களத்தில், எந்த விதிப்படி பொருகின்றனர் என்று உரைத்தபின், கதையின் எந்தப் பகுதி தமக்குச் சான்று என்பதையும் மாணவர் எடுத்துக்காட்டி வாதிடட்டும். தேநீர்க் கடைப் பெரியோர்க்கும் இவ்விதி பொருந்தும்.