வலிச்சாத்தான் வித்தையா?

சொந்தத்துல ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிஞ்ச கையோட ஜனம் மொத்தமும் பந்திக்கு ஓடிடுச்சு. கை கழுவப் போன இடத்துல தவில்காரர் தனியா நின்னுட்டிருந்தார். வலது கை விரல்ல மாட்டியிருந்த கூடுகளைக் கழட்டி திண்ணையில வெச்சுட்டு, சமையல்கட்டுல வாங்கின வெந்நீர்ல மணிக்கட்டு வரைக்கும் முக்கி வெச்சிருந்தார்.

"என்னண்ணே, வலியா?"

சிரிச்சார். "ஆறு மாசமா இருக்கு தம்பி. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கை போயிடுச்சுன்னு பேராயிட்டா அப்புறம் எவன் கூப்பிடுவான்?"

அன்னிக்கு சாயங்காலமும் அவர்தான் வாசிச்சார். கேட்டவங்க யாருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. எனக்கு மட்டும் பாட்டு காதுல ஏறவே இல்லை, கண்ணு அவர் கையிலயே இருந்துச்சு.

நாம தவிலைக் கேக்கறோம், ரசிக்கறோம், தாளம் போடறோம். அது உடம்புக்கு என்ன செய்யும்னு யோசிச்சிருக்கோமா? ஊர்வலம்னா அந்த கனத்தைத் தோள்ல நாடா போட்டு மாட்டிக்கிட்டு நடந்துக்கிட்டே வாசிக்கணும். ஒரு கையில பூவரசங்குச்சி, இன்னொரு கையில கூடு போட்ட விரல்கள். ஒவ்வொரு அடியும் மணிக்கட்டு வழியா முழங்கைக்கும் தோளுக்கும் போகுது. மிருதங்கக்காரர் உக்காந்துதானே வாசிக்கிறார்னு நினைக்கலாம். சம்மணம் போட்டு, வலது காலை லேசா நீட்டி, அது மேல வாத்தியத்தைச் சாய்ச்சு ரெண்டு ரெண்டரை மணி நேரம் உக்காந்து பாருங்க, அப்ப தெரியும் இடுப்பு சேதி. நம்ம ஊர் வயலின்காரங்க வயலின் தலையை வலது காலுக்குப் பக்கத்துல ஊன்றி, கழுத்தையும் தோளையும் குனிச்சுத்தான் வாசிக்கிறாங்க. கச்சேரி முடிஞ்சு எழுந்ததும் கழுத்தைத் தடவிக்காத வயலின்காரரை நான் அபூர்வமாத்தான் பாத்திருக்கேன்.

என் சொந்தக் கதையும் இதுல இருக்கு. நான் நாலு வருஷம் மிருதங்கம் கத்துக்கிட்டவன். மூணாவது வருஷம் வலது கட்டைவிரல் பக்கமா மணிக்கட்டுல ஒரு வலி வந்துச்சு. முதல்ல வாசிக்கும்போது மட்டும். அப்புறம் டம்ளர் தூக்கினாலே. வாத்தியார்கிட்ட சொன்னேன். "வலிக்குதா? அப்ப கை பதமாகுதுன்னு அர்த்தம். ரெண்டு பங்கு சாதகம் பண்ணு"ன்னார். நல்ல மனுஷர், என் மேல பிரியம் உள்ளவர். அவருக்கு அவர் வாத்தியார் அதைத்தான் சொல்லியிருப்பார். நானும் பண்ணினேன். அடுத்த வருஷம் மிருதங்கம் பரணுக்குப் போயிடுச்சு. எலும்பு டாக்டர் சொன்னது ஒரே வரி: கட்டைவிரல் தசைநாண் உறை வீங்கியிருக்கு, ஆரம்பத்துலயே கொஞ்ச நாள் நிறுத்தியிருந்தா சரியாகியிருக்க நல்ல வாய்ப்பு இருந்துச்சு.

இதைச் சொன்னா பெரியவங்க கேக்கறது ஒண்ணுதான். "அந்தக் காலத்துல நாலு மணி நேரம் கச்சேரி. அவங்களுக்கெல்லாம் வலிக்கலையா?"

வலிச்சிருக்கும் சார். நமக்குப் பேர் தெரியறது எல்லாம் தாங்கி நின்னவங்க பேர். பதினெட்டு வயசுல கை மரத்துப்போய் வாத்தியத்தை மூட்டை கட்டினவன் பேர் எந்தப் புஸ்தகத்துலயும் இருக்காது. நின்னவங்களை மட்டும் எண்ணிட்டு, வலி தாங்கினாத்தான் வித்தை வரும்னு முடிவு கட்டறது என்ன கணக்கு?

இது நம்ம ஊர் வியாதி மட்டுமில்லை. அமெரிக்காவுல 1986-ல சிம்பொனி இசைஞர்கள் சங்கம் ஒண்ணு ஒரு கணக்கெடுப்பு நடத்துச்சு. பதில் சொன்னவங்க 2,212 பேர். அதுல 76 சதவீதம் பேர், வாசிப்பையே பாதிக்கிற அளவு ஏதாவது ஒரு உடம்புக் கோளாறு இருக்குன்னு ஒத்துக்கிட்டாங்க. 1989-ல கலைஞர்களோட உடம்புக்குன்னே டாக்டர்கள் சேர்ந்து ஒரு சங்கமும் ஆரம்பிச்சாங்க. லியோன் ஃப்ளைஷர்னு ஒரு பியானோ மேதை. 1964-ல அவர் வலது கையில கடைசி ரெண்டு விரல் தானா உள்ளே மடங்க ஆரம்பிச்சுது. அது வலி இல்லை, வேற நரம்புக் கோளாறு. ஆனா மனுஷர் அதைப் பத்தி வெளிப்படையா பேசினார். இடது கைக்குன்னு எழுதின இசையை வாசிச்சார், சொல்லிக் கொடுத்தார், 2004-ல ரெண்டு கையாலயும் வாசிச்சு இசைத்தட்டு போட்டார். நம்ம தவில்காரர் வெந்நீர் பாத்திரத்தை மறைச்சு வெக்கறார். வித்தியாசம் வீரத்துல இல்லை, அடுத்த மாசச் சோத்துல. வாசிச்சாத்தான் காசுங்கற தொழில்ல ஓய்வு எடுன்னு சொல்றது சுலபம்.

இன்னொரு விஷயம். ரெண்டு மூணு வாத்தியம் வாசிக்கறவங்க, "ஒண்ணு வலிச்சா இன்னொண்ணுக்கு மாறிக்கலாமே"ன்னு நினைப்பாங்க. மிருதங்கக்காரர் கஞ்சிரா எடுத்தா வலது மணிக்கட்டுக்கு எங்கே ஓய்வு? போதாக்குறைக்கு, சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டே விரலால தோலை அழுத்தற வேலை இடது கைக்கு. கடம்னா இன்னும் மோசம், அதுலயும் மானாமதுரைக் கடம் கனமும் கெட்டியுமா இருக்கும். மண்ணை அடிக்கறோம், மண்ணும் திருப்பி அடிக்கும் :-)

எனக்குப் பெரிய திட்டமெல்லாம் இல்லை. கிளாஸ் ஆரம்பிக்கும்போது வாத்தியார் "கை எப்படி இருக்கு?"ன்னு ஒரு வார்த்தை கேட்கலாம். அரைமணிக்கு ஒரு தடவை கையை இறக்கி வெக்கச் சொல்லலாம். மார்கழி வருதுன்னு தினம் ஒரு மணி சாதகத்தைத் திடீர்னு நாலு மணி ஆக்காதேன்னு தடுக்கலாம். சபாக்காரங்க பக்கவாத்தியத்துக்கு உக்கார சரியான மேடை விரிப்பாவது போடலாம். ரசிகர்கள் நாமளும், தனி ஆவர்த்தனம் இருபது நிமிஷத்துக்குக் குறைஞ்சா மூஞ்சியைச் சுளிக்கிறதை விடலாம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. விரல் மரத்துப்போனாலோ, ராத்திரி வலியில முழிப்பு வந்தாலோ, பிடிச்ச பொருள் கை நழுவினாலோ தைலம் தேய்ச்சுட்டு உக்காராம நேரா டாக்டர்கிட்ட போங்க. தவில்காரர்கிட்டயும் இதைத்தான் சொன்னேன். "சீசன் முடியட்டும் தம்பி"ன்னுட்டு, ஈரத்தைத் துண்டுல துடைச்சுக்கிட்டு ஒவ்வொரு கூடா மறுபடி மாட்டிக்கிட்டார்.