பழைய பெட்டியும் பழகும் கையும்

ஏட்டில் ஒரு பொருளைப் பற்றிப் படித்தல் ஒன்று. அப்பொருளைக் கையால் ஆக்கிப் பார்த்தல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒருங்கு சேர்ந்தவிடத்தே கல்வி நிறைவெய்தும் என்பது எமது துணிபு. இதனை விளக்குதற்கு, விழா மலர்களிற் பெரிதும் இடம்பெறாத பொருளொன்றை எடுத்துக்கொள்கின்றோம். அது மாதிரிப் புகையிரதப் பெட்டிகளைத் திருத்தியமைக்கும் கலை.

இங்கிலாந்தில் 1938இல் 'ஹோர்ன்பி டப்ளோ' என்னும் மாதிரி வண்டிகள் வெளிவந்தன. உண்மை வண்டியின் ஓரடி அவற்றில் நான்கு மில்லிமீற்றராகும். இவ்வளவு இன்றும் அங்கு பெருவழக்காக உள்ளது. ஆலையில் வார்க்கப்படும் மலிவான பெட்டிகளிற் கைபிடிக் கம்பிகள் வெறும் புடைப்புக் கோடுகளாகவே இருக்கும். அவற்றுக்கு மாற்றாகப் பித்தளைக் கம்பி, கூரைக் காற்றுக்குழல், மிதிபடி முதலியவற்றைத் தனித்தனியே தரும் பொதியைக் கடைகளில் 'டீடெயிலிங் கிட்' என்பர்.

"எமக்குக் கைத்திறன் இல்லை, நல்ல பெட்டி பாழாகிவிடும்" என்று அஞ்சித் தொடங்காதோர் பலர். நல்ல பெட்டியை எடுக்குமாறு யாம் கூறவில்லை. ஒருவர் கழித்த, கீறல் விழுந்த பெட்டியொன்றை எடுங்கள். அதனிடத்து இழப்பதற்கு என்ன உண்டு? முதலில் ஒரேயொரு கைபிடியை மட்டும் மாற்றுங்கள். புடைப்பைக் கூரிய அலகாற் சிறிது சிறிதாகச் சீவுக. அலகு விரலை நோக்காதிருக்கட்டும். கம்பியின் பருமனுக்கு ஏற்ற துளைகள் இரண்டினைக் கையாற் சுழற்றும் துளைகருவியால் இடுக. கம்பியை வளைத்துச் செருகி, உட்புறத்தே ஊசிமுனையளவு சுப்பர் குளூ வைத்தாற் போதும். பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் பசை பித்தளையைப் பற்றாது. சுப்பர் குளூவோ சாளரத்தின் தெளிந்த தகட்டை மூடுபனிபோல் வெளுக்கச் செய்யும். ஆதலின் சாளரங்களுக்கு வெண்ணிற மரப்பசையே தக்கது. பித்தளைக்கு அடிப்பூச்சு இட்ட பின்னரே வண்ணம் பூசுக. முதற் கைபிடி கோணலாயின் பிடுங்கிவிட்டு மீண்டும் செய்யலாம்.

இவ்வேலையிற் கையினும் மிகுதியாகப் பயில்வது கண்ணே. ஒரு கைபிடியை அமைத்தவன், உண்மை வண்டியில் அது கதவின் எப்பக்கத்தது, எவ்வளவு உயரத்தது என்று உற்று நோக்குவான். அளவும் விகிதமும் அவனுக்குக் கணக்குப் புத்தகத்தின் சுமையாக இரா.

எம் மாணவர்க்கு இதிற் சிறப்பான உரிமையும் ஒன்றுண்டு. தேயிலையும் இறப்பரும் ஏற்றிச் சென்ற களனிப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை 1902இல் அவிசாவளையையும், 1903இல் எட்டியாந்தோட்டையையும், 1912இல் இரத்தினபுரியையும் அடைந்தது. 1919இல் ஓப்பநாயக்கவரை நீண்டது. அதன் அகலம் இரண்டரை அடியே. தெரணியகலைக்கு அயலதான எட்டியாந்தோட்டைக் கிளை 1942இல் மூடப்பட்டது. அவிசாவளை வரையுள்ள பகுதி 1990களில் ஐந்தரை அடி அகலப்பாதையாயிற்று. அச்சிறு வண்டிகளை இன்றைய பிள்ளைகள் பாதையிற் காணார். நான்கு மில்லிமீற்றர் அளவையிற் பழைய பாதை பத்து மில்லிமீற்றர், புதியது இருபத்திரண்டு. இவ்விரு எண்களை ஒரு பலகையில் அருகருகே அமைத்துக் காட்டினால், ஒரு பள்ளத்தாக்கின் வரலாறு கண்முன் நிற்கும். நம் பாதையின் பெட்டி வேண்டுமாயின் ஆலைகளை எதிர்பார்த்துப் பயனில்லை, நாமே ஆக்கவேண்டும். அதற்குரிய பயிற்சியே அந்த முதற் கைபிடி.

இது செல்வர் விளையாட்டன்றோ எனக் கேட்பர். பொதிகள் விலை மிக்கன என்பது மெய்யே. தோட்டச் சம்பளத்தில் வாழும் குடும்பம் அவற்றை வாங்கவேண்டும் என்று சொல்வது கொடுமை. ஆயின் ஐவருக்கு ஒரு பழைய பெட்டி போதும். மெல்லிய செம்புக் கம்பியும் வாழ்த்து அட்டையும் பொதியின் பாதி வேலையைச் செய்யும்.

இதனினும் பெரிய தடை வேறொன்று. கைவேலையின் துன்பத்திலிருந்து தம் மக்களை மீட்கவே பெற்றோர் கல்லூரிக்கு அனுப்பினர். அவ்வாசை தூயது. எனினும், மீட்கவேண்டியது கூலியின் சிறுமையிலிருந்தே ஒழியக் கையின் திறமையிலிருந்து அன்று. கொழுந்து கொய்த விரல்களின் நுட்பம் அவர்தம் பேரப்பிள்ளைகளிடத்து எழுதுகோல் பிடிப்பதோடு அமைந்துவிடலாமா?

ஆகவே பழைய மாணவர்களிடத்து எமது வேண்டுகோள் சிறிதே. நினைவுக் கல்லொன்று நாட்டும் செலவில் ஒரு மேசை, ஒரு விளக்கு, சில கருவிகள், கழித்த பெட்டிகள் சில தாருங்கள். பள்ளி விட்டபின் ஒரு மணி நேரம் உடனிருக்க ஆசிரியர் முன்வரட்டும். மாணவரே, திறமை வந்தபின் தொடங்குவோம் என்று காத்திராதீர். தொடங்கியவரிடத்தே திறமை வந்து சேரும்.