சோறு போட்ட கைகளே, எழுங்கள்!

தோழர்களே!

கடைசியாக யாருக்குச் சோறு போட்டீர்கள்? போடுவதற்கு முன் ஐசி கேட்டீர்களா?

கேட்கவில்லையா? அப்படியானால் கேளுங்கள். உங்களைப் பற்றிச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

1959/63 குடிநுழைவுச் சட்டம். அடைக்கலம் என்றால் என்ன என்று அதன் இரண்டாம் பிரிவு விளக்குகிறது. உணவு கொடுப்பது. தங்க இடம் கொடுப்பது. பிடிபடாமல் தப்ப உதவுவது. உணவுதான் முதலில் நிற்கிறது, கவனியுங்கள்! ஆவணமில்லாதவர் என்று தெரிந்து கொடுத்தால் 56ஆம் பிரிவு பாயும். தலைக்குக் குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதம். 50,000 வரை போகலாம். சிறையும் உண்டு.

தைப்பூசத்துக்குப் பத்துமலையில் தண்ணீர்ப்பந்தல் போடுகிறோம். மோர் ஊற்றுகிறோம். சோற்றுப் பொட்டலம் நீட்டுகிறோம். வாங்குகிற கை எந்த நாட்டுக் கை என்று எந்தப் பந்தலிலாவது கேட்டதுண்டா? கேட்டிருந்தால் நம் பாட்டிமார் நம்மைச் சும்மா விட்டிருப்பார்களா?

தோழர்களே, பந்தலில் புண்ணியமாக இருப்பது வீட்டு வாசலில் குற்றமாகிறது. இதைப் பார்த்துக்கொண்டு நாம் டீ குடித்துக்கொண்டிருக்கிறோம்.

யார் இந்த ஆவணமில்லாதவர்கள்? தொலைவில் தேடாதீர்கள். சுபாங் ஜெயாவிலேயே பாருங்கள். எஸ்எஸ்15இல் நீங்கள் சாப்பிட்டு எழுந்த தட்டைக் கழுவுகிறவர். யுஎஸ்ஜேயில் உங்கள் அடுக்குமாடியின் குப்பையை இறக்குகிறவர். பசார் மாலாமில் கூடாரம் கட்டிவிட்டு, இமிகிரேசன் வண்டி என்று யாராவது கத்தினால் பாதியில் ஓடுகிறவர். ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிந்தவர்கள் மட்டும் நாடு முழுதும் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள், அவர்களில் ரொஹிங்யாக்களே அதிகம். நம் யாழ்ப்பாணத்துக்காரர்களும், வன்னிக்காரர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

மலேசியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. குடிநுழைவுச் சட்டத்தில் அகதி என்ற சொல்லே இல்லை. சொல் இல்லையென்றால் ஆளும் இல்லை! உயிருக்குப் பயந்து ஓடி வந்த தாயும் சட்டத்துக்குக் கள்ளக் குடியேறிதான். ஆறாம் பிரிவு: 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, ஆறு ரோத்தான் அடி வரை. துப்பாக்கிக்குத் தப்பி வந்தவனுக்கு நாம் வைத்திருக்கும் வரவேற்பு ரோத்தான்.

யூஎன் கார்டு இருக்கிறதே என்கிறீர்களா? 2014ஐ மறந்துவிட்டீர்களா?

அந்த ஆண்டு மே மாதம் மூன்று ஈழத் தமிழர்களைப் பிடித்தார்கள். இருவர் ஆணையம் ஏற்றுக்கொண்ட அகதிகள். ஒருவர் புகலிடம் கேட்டு விண்ணப்பித்திருந்தவர். விடுதலைப்புலிகள் இயக்கத்தை மீண்டும் கட்ட வந்தவர்கள் என்றது போலீஸ். எந்த நீதிமன்றத்திலும் அதை நிரூபிக்கவில்லை. மே 26ஆம் தேதி இலங்கைக்கே ஏற்றி அனுப்பினார்கள். எந்த அரசுக்குப் பயந்து ஓடி வந்தார்களோ, அதே அரசின் கையில் கொடுத்தார்கள்.

அன்று நாம் எத்தனை பேர் தெருவில் நின்றோம்? எண்ணிப் பாருங்கள். இரண்டு கை விரல்களுக்கு மேல் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

அதற்கு ஐந்தாண்டுக்கு முன்னால், 2009இல், முள்ளிவாய்க்காலுக்காகக் கதறினோம். கறுப்புச் சட்டை போட்டோம். கோயிலில் விளக்கேற்றினோம். பிறகு அந்த ஊர்க்காரரே கிள்ளானில் வாடகைக்கு வீடு கேட்டு வந்து நின்றபோது என்ன செய்தோம்? ஐசி இல்லையா, மூன்று மாத முன்பணம் கொடு என்றோம். தொலைக்காட்சியில் வந்த தமிழனுக்கு அழுதோம். கதவைத் தட்டிய தமிழனிடம் பேரம் பேசினோம். கசக்கிறதா? கசக்கட்டும்.

இப்போது சிலர் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. "ஈழத் தமிழனுக்கு என்றால் வருகிறேன். ரொஹிங்யாவுக்கு எதற்கு?"

தோழரே, உங்களைத்தான் கேட்கிறேன். இருவரையும் ஏற்றுகிற லாரி ஒன்று. இருவர் மேலும் போடுகிற பிரிவு ஒன்று. இருவர் உடம்பிலும் விழுகிற ரோத்தான் ஒன்று. சட்டத்துக்கு இல்லாத வேறுபாடு உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

2022 ஏப்ரல் 20. சுங்கை பாக்காப் தடுப்பு முகாமிலிருந்து 528 ரொஹிங்யாக்கள் தப்பி ஓடினார்கள். விடியாத நேரம். நெடுஞ்சாலையைக் கடந்தவர்கள் மேல் வண்டிகள் ஏறின. ஆறு பேர் செத்தார்கள். அவர்களில் இருவர் குழந்தைகள். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நெடுஞ்சாலையில் இறங்குகிற மனிதர் எதைவிட்டு ஓடினார்? உள்ளே என்ன இருந்தது? 2024 பிப்ரவரியில் பீடோர் முகாமிலிருந்து 131 பேர் ஓடினார்கள். அன்றும் ஒருவர் வண்டியில் அடிபட்டுச் செத்தார். உள்ளே என்னதான் நடக்கிறது?

நமக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. 2019 ஆகஸ்டிலிருந்து ஐ.நா. ஆணையத்தையே குடிநுழைவுத் தடுப்பு முகாம்களுக்குள் விடவில்லை. உள்ளே இருப்பவரில் அகதி யார் என்று பார்த்துச் சொல்ல ஆளில்லை. எல்லாம் நம் மூக்குக்குக் கீழே. புக்கிட் ஜாலில் முகாம் இங்கிருந்து அரைமணி நேர ஓட்டம். செமெனி முகாம் சிலாங்கூரிலேயே இருக்கிறது.

நீதிமன்றம் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு தேதி சொல்கிறேன். 2021 பிப்ரவரி 23. மியன்மாரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்து மூன்று வாரம்தான் ஆகிறது. அந்த இராணுவத்தின் கப்பல்கள் லுமுட் கடற்படைத் தளத்தில் ஆளேற்றக் காத்திருந்தன. 1,200 பேரை அனுப்பாதே என்று கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் காலையிலேயே இடைக்காலத் தடை போட்டது. அன்றே 1,086 பேரைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். நீதிபதியின் உத்தரவைவிடக் கப்பல் வேகமாகப் போனது!

தடை கேட்டு வழக்குப் போட்ட தோழர்கள் சில பேர்தான். அந்தச் சில பேரால்தான் மறுநாள் தடை நீடித்தது. மிச்சமிருந்த 114 பேர் கப்பலேறவில்லை. சில பேர் சேர்ந்து நூற்றுப் பதினான்கு பேரை நிறுத்தினார்கள். நாம் ஆயிரம் பேராக நின்றிருந்தால்?

இன்று ஏன் அவசரம்? கதவுகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன, தோழர்களே. இங்கிருந்து மறுகுடியேற்றம் போனவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கா போனார்கள். 2025 ஜனவரி 20, பதவியேற்ற அன்றே டிரம்ப் அந்த வழியை அடைத்தார். பெட்டி கட்டி, ஊசி போட்டு, தேதிக்குக் காத்திருந்த குடும்பங்கள் அப்படியே நின்றுவிட்டன. அதே ஆண்டில் ஐ.நா. ஆணையத்தின் பணமும் வற்றியது. போக இடமில்லை. இருக்க உரிமையில்லை. திரும்பினால் உயிரில்லை.

இந்த நேரத்தில்தான் அகதிகளை இனி அரசே பதிவு செய்யும் என்று உள்துறை அமைச்சு சொல்கிறது. பதிவு நல்லதுதானே என்று நமக்குள்ளேயே சிலர் சொல்கிறார்கள். நல்லதாக இருக்கலாம். பதிந்தவருக்கு வேலை செய்யும் உரிமை கிடைக்குமா? பிள்ளை அரசுப் பள்ளிக்குப் போகலாமா? கைரேகையும் முகவரியும் யார் கைக்குப் போகும்? ஓடி வந்த நாட்டின் தூதரகத்துக்குப் போகாது என்று எந்தச் சட்டம் உறுதி சொல்கிறது? பதில் எழுத்தில் வரட்டும். சட்டத்தில் வரட்டும்.

வாய்ச்சொல்லை நம்ப முடியாது. 2020இல் நம்பினோம். ஆவணம் இல்லாவிட்டாலும் கோவிட் பரிசோதனைக்கு வாருங்கள், பிடிக்க மாட்டோம் என்றார்கள். மே முதல் தேதி, தொழிலாளர் தினத்தன்று, மஸ்ஜித் இந்தியா பக்கம் முள்வேலிக்குள் பூட்டப்பட்ட அடுக்குமாடிகளில் புகுந்து நூற்றுக்கணக்கானவர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். குழந்தைகளையும் ஏற்றினார்கள்.

2018இல் வாக்குக் கேட்டபோது பக்கத்தான் ஹரப்பான் தன் தேர்தல் அறிக்கையிலேயே 1951 ஒப்பந்தத்தை ஏற்போம் என்று எழுதியது. அகதிகளுக்கு வேலை உரிமை தருவோம் என்றும் எழுதியது. ஓட்டுப் போட்டோம். ஆட்சியும் வந்தது, போனது, மறுபடி வந்தது. ஒப்பந்தம் எங்கே?

முடியாது என்று சொன்னால் நம்பாதீர்கள். வழி அதே சட்டத்தில் இருக்கிறது. 55ஆம் பிரிவு. எந்த ஆளையும், எந்த வகையினரையும் சட்டத்தின் விதிகளிலிருந்து விலக்கு என்று அமைச்சர் ஆணையிடலாம். செய்தும் இருக்கிறார்கள். 2005இல் அச்சேக்காரர்களுக்கு ஐஎம்எம்13 அனுமதிச் சீட்டுக் கொடுத்தார்கள். 2015க்குப் பிறகு சிரியாக்காரர்களை ஏற்றார்கள். அதற்கெல்லாம் முன்னால், 1978இலிருந்து, வியட்நாம் படகு மக்களைத் திரெங்கானு கடலில் பீடோங் தீவில் வைத்துச் சோறு போட்ட நாடு இது. அப்போதும் படகுகளைத் திருப்பித் தள்ளினார்கள், அதையும் மறைக்க வேண்டாம். ஆனாலும் ஒரு சதுர கிலோமீட்டர் தீவில் ஒரு கட்டத்தில் 40,000 பேர் உயிரோடிருந்தார்கள். அன்று முடிந்தது. இன்று முடியாதா? ஒரு கையெழுத்து, தோழர்களே. ஒரே ஒரு கையெழுத்து!

நமக்கே ஆயிரம் பிரச்சினை, இதில் இவர்கள் வேறா? இதுவும் கேட்கிறது. இதற்கும் பதில் சொல்கிறேன்.

நீங்கள் நிற்கும் மண் எது? சீஃபீல்டு தோட்டம். இங்கே பால் மரம் வெட்டியவர்கள் யார்? லயத்து வீட்டைக் காலி செய்து கொடுத்தவர்கள் யார்? அவர்கள் போன பிறகுதான் சுபாங் ஜெயா எழுந்தது. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவருக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்றார்கள். ஒரு தாளுக்காகப் பிறந்து வளர்ந்த தோட்டத்தை விட்டுப் பல்லாயிரம் தமிழர்கள் கப்பலேறினார்கள். மிச்சமிருந்தவர்களில் எத்தனை பேர் சிவப்பு அடையாள அட்டையோடே செத்தார்கள்! தாள் இல்லாதவன் படும் பாட்டை நமக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டுக் கிழவியைக் கேட்டால் போதும்.

பயமாக இருக்கிறதா? எனக்கும் இருக்கிறது. வாரக் கடைசியில் ஒரு கடைவீட்டு மாடியில் அகதிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். அரசுப் பள்ளி அவர்களைச் சேர்க்காது. படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டால் நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பிள்ளைகள் பென்சிலை வைத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி உட்கார்ந்துவிடுவார்கள். யாரும் சொல்லித் தந்ததில்லை. ஒருநாள் வந்தது தண்ணீர்க் குழாய் சரிசெய்ய வந்தவர். அப்பிள்ளைகள் மறுபடி பென்சிலை எடுக்கக் கால்மணி நேரமானது. என் பயம் அந்தக் கால்மணி நேரத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

வலி வந்த கர்ப்பிணி அரசு மருத்துவமனைக்குப் போக அஞ்சுகிறாள். ஆவணமில்லாத நோயாளி வந்தால் தகவல் கொடு என்று சுகாதார அமைச்சு 2001இல் போட்ட சுற்றறிக்கை அப்படி. அவளுடைய பயத்தோடு நம் பயத்தை நிறுத்துப் பாருங்கள்.

ஆகவே வாருங்கள். கல்லெடுக்கக் கூப்பிடவில்லை. பூட்டை உடைக்கக் கூப்பிடவில்லை. கண்ணால் பார்க்கவும், வாயால் கேட்கவும், நின்ற இடத்தில் நிற்கவும் கூப்பிடுகிறேன்.

உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள். 55ஆம் பிரிவின்கீழ் விலக்கு எப்போது என்று கேளுங்கள். தேதி கேளுங்கள். "பார்க்கிறோம்" என்றால் அடுத்த வாரம் இருபது பேராகப் போங்கள். முகாம்களுக்குள் ஐ.நா. ஆணையத்தை விடு என்று கேளுங்கள். துன்புறுத்தல் காத்திருக்கும் நாட்டுக்கு ஒருவரையும் திருப்பி அனுப்பாதே என்று கேளுங்கள். பதிந்தவருக்கு வேலை கொடு, அவர் பிள்ளைக்குப் பள்ளி கொடு என்று கேளுங்கள்.

கோயில் நிர்வாகத்தில் இருக்கிறீர்களா? அடுத்த கூட்டத்தில் எழுந்து பேசுங்கள். தொழிற்சங்கத்தில் இருக்கிறீர்களா? தீர்மானம் கொண்டு வாருங்கள். வழக்கறிஞரா? ஓர் இரவு கொடுங்கள். உணவகம் நடத்துகிறீர்களா? பாத்திரம் கழுவுகிறவரின் சம்பளத்தைப் பிடித்து வைக்காதீர்கள், அங்கிருந்து தொடங்குங்கள்.

சோதனை பெரும்பாலும் ஊர் தூங்கும்போதுதான் வருகிறது. லாரி கிளம்பும் முன் ஒருவர் தூரத்தில் நின்று பார்க்க வேண்டும். எத்தனை பேரை ஏற்றினார்கள், எந்த முகாம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். வழக்கறிஞரை எழுப்ப வேண்டும். விடிவதற்குள் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும். பெயர் தெரியாமல் உள்ளே போகிறவர் பெயர் தெரியாமலே கப்பலேறிவிடுவார். அதனால்தான் கூப்பிடுவோம். அகாலத்தில் கூப்பிடுவோம்.

தோழர்களே, இன்றிரவு கைபேசியை அணைக்காதீர்கள். சத்தத்தைக் கூட்டித் தலைமாட்டில் வையுங்கள்.