மீனில் புழுவா? நல்லதுதான்

காலாவதியான டின் மீனைத் திறந்து புழு எண்ணுவது ஒரு வேலையா? வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைத்தான் செய்தார்கள். 1979 முதல் 2021 வரை அலாஸ்கா பக்கம் பிடிபட்ட சால்மன் மீன்களின் 178 டின்கள். தரம் பார்ப்பதற்காகக் கிடங்கில் எடுத்துவைக்கப்பட்டவை. நான்கு வகை சால்மனில் இரண்டில் புழுக்கள் ஆண்டுக்காண்டு கூடியிருந்தன. மற்ற இரண்டில் மாற்றமில்லை.

புழு கூடினால் மீன் கெட்டுவிட்டது என்றுதானே தோன்றும்? கணக்கு வேறு. அனிசாகிஸ் வகையைச் சேர்ந்த இந்த உருளைப்புழு முதிர்ந்து முட்டையிடுவது திமிங்கிலம், டால்பின் போன்றவற்றின் இரைப்பையில். முட்டை கழிவோடு கடலில் கலக்கும். பொரிந்த புழுவை இறால் போன்ற சிற்றுயிர் விழுங்கும். அதை மீனோ கணவாயோ தின்னும். மீனைத் திமிங்கிலம் தின்னும். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் புழுவுக்கு வாழ்வில்லை. 1972இல் அமெரிக்கா கடல் பாலூட்டிகளைக் காக்கச் சட்டம் இயற்றியபின் அவை பெருகியதும் புழு கூடியதற்கு ஒரு காரணமாகலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அப்படியானால் புழு வந்ததற்காக வருந்த வேண்டியதில்லை.

டின்னுக்குள் அது செத்த புழு. சிக்கல் பச்சை மீனில்தான். உயிருள்ள புழு மனித இரைப்பையின் சுவரைத் துளைக்கும். சில மணி நேரத்தில் வயிற்றைப் பிடுங்கும் வலி. எலுமிச்சையோ வினிகரோ வசாபியோ அதைக் கொல்வதாக நம்பக் கூடாது. கொதிக்கும் குழம்பில் பிழைக்காது. ஆனால், ஒவ்வாமை உள்ள சிலருக்குச் செத்த புழுவே தொல்லை தரலாம்.

லேசாக உப்பிட்ட ஹெர்ரிங் மீனை ஆசையாகத் தின்னும் நெதர்லாந்துக்காரர்கள் 1960களில் இந்தப் புழுவால் அடிபட்டார்கள். 1968இல் சட்டம் வந்தது: ஹெர்ரிங்கை உறையவைத்த பிறகே விற்க வேண்டும். நோய் ஏறக்குறைய ஒழிந்தது, ஹெர்ரிங் ஆசை அப்படியே இருக்கிறது. 1987இல் மேற்கு ஜெர்மனியிலோ தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று மீன்புழுவைக் காட்டியதும் ஜனங்கள் மீன் வாங்குவதையே விட்டார்கள்; வியாபாரம் படுத்தது.

பீதியைக் கிளப்புவதைவிட உறைபெட்டி மலிவு. பச்சையாக உண்ணும் மீனை மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரமாவது வைக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. சுஷி பரிமாறும் உணவகம் எந்த ஊரில் இருந்தாலும், மீன் உறையவைக்கப்பட்டதா என்பதை விலைக்குப் பக்கத்திலேயே அச்சிடட்டும்.