ஏழு நாள்களுக்குப் பிறகு?

சாலை விபத்தில் சிக்குவோருக்கு ரூ.1.5 லட்சம் வரை கட்டணமில்லாச் சிகிச்சை அளிக்கும் திட்டத்தை 2025 மே மாதம் மத்திய அரசு அறிவிக்கை செய்தது. வரவேற்கத்தக்க முடிவு. ஆனால், விபத்து நேர்ந்த நாளிலிருந்து ஏழு நாள்களுக்கு மட்டுமே இச்சலுகை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் 4.43 லட்சம் பேர் சாலை விபத்துகளில் காயமடைந்த நாடு இது.

தலைக்காயத்திலிருந்து உயிர் பிழைத்தவர்களில் பலருக்குத் தலைச்சுற்றலும் தள்ளாட்டமும் மாதக்கணக்கில் நீடிக்கின்றன. கண்ணும் உட்செவியும் தசைகளும் தரும் தகவல்களை மூளை ஒருங்கிணைத்தால்தான் மனிதன் நிலையாக நிற்க முடியும். அத்திறனை மீட்க, ஒரே பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும். சலிப்புற்றுப் பாதியில் நிறுத்திவிடுவோர் உண்டு.

இங்குதான் மெய்நிகர் தொழில்நுட்பம் கைகொடுக்கிறது. திரையில் விரியும் தெருவைக் கடக்கவும் நெரிசலில் விலகி நடக்கவும், வாகனங்களுக்கு அஞ்சாமல் மருத்துவமனை அறையிலேயே பழகலாம். வழக்கமான இயன்முறைப் பயிற்சியைவிட இது மேலானது என ஆய்வுகள் உறுதிபடக் கூறவில்லை, துணைக்கருவியாகவே கொள்ளத்தக்கது.

கருவி வாங்குவது எளிது. திறப்பு விழாவும் நடத்தலாம். நோயாளி சாயும்போது தாங்கிப் பிடிக்க இயன்முறை சிகிச்சையாளர் அருகில் இருக்க வேண்டுமே! மாவட்ட மருத்துவமனைகளில் அவர்களைப் போதிய அளவில் நியமிப்பதுடன், மறுவாழ்வுப் பயிற்சிச் செலவையும் இத்திட்டத்தில் சேர்க்க மத்திய அரசு முன்வர வேண்டும்.